அம்மா பிடுங்கிய முளை

போன மாதம் அம்மா இறந்தபோது காலில் செருப்பு இருந்தது. கட்டிலில்தான் இறந்தார்.

பெயர் சீதேவிப்பிள்ளை. தையல்காரி. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுடையது, தாய் கொடுப்பாள். அம்மம்மா அவருக்குக் கொடுத்த வீட்டையும் அப்பாவையும் 2004இல் கடல் எடுத்தது. பிறகு அதே வளவில் ஒரு நிறுவனம் வீடு கட்டித் தந்தது. அலை கேட்கும் தூரம். அம்மா அப்போது ஓர் இரவுகூட அங்கே படுக்கவில்லை. நாவற்குடாவுக்குத் தெற்கே, வாவிப் பக்கமாக ஓர் ஒழுங்கையில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்தார். ஒழுங்கையின் ஒரு புறம் தமிழர், மறுபுறம் முஸ்லிம்கள். இரு புறத்துத் துணியும் அவரிடம் வந்தது.

2009 ஜூன். போர் முடிந்து ஒரு மாதம். மாதக் கடைசியில் வீட்டை விடும்படி வீட்டுக்காரர் கனகசிங்கம் சொல்லிவிட்டுப் போனார். அம்மா அன்று சாப்பிடவில்லை. மறுபடி கடலடிக்குப் போகவேண்டும்.

சட்டை வாங்க வந்த எதிர்ப்புறத்து றஸீனா அதைக் கேட்டுச் சிரித்தார்.

"எங்கட பக்கம் அப்புடி வீட்டால எழுப்பேலா அக்கா. நகரசபைக்குள்ள வாடகைச் சட்டம் இரிக்கி. வாப்பாட கடையில வாடகைக்கு இருக்கிறவன எழுப்ப வழக்குப் போட்ட. வாப்பா மௌத்தாகிட்டார், அவன் இன்னும் இருக்கான்."

"நாங்க பிரதேசசபை, புள்ள. எங்களுக்கு அந்தச் சட்டம் இல்ல."

"நகரசபை எல்ல ஒழுங்கையாலயா போகுது, உங்கட வீட்டுக்குப் பின்னால கிணத்தடியாலயா? ஆருக்குத் தெரியும்? மகன் அளக்கிறவர்தானே."

நான் நில அளவையாளன். பழைய வரைபடத்தைக் கொண்டுவந்தேன். மதகடியில் எல்லைக்கல் கிடைத்தது. கருவியை நிறுத்தி, ஒழுங்கை நடுவே ஒரு மரமுளை அடித்தேன். அதுதான் பிழை. அங்கே எல்லை அளப்பவனிடம் ஏன் என்று கேட்கமாட்டார்கள். யாருக்காக என்றுதான் கேட்பார்கள்.

பத்து நிமிடத்தில் இரு புறமும் ஆட்கள்.

"தம்பி, எங்கட எத்தின அடியக் கொண்டுபோறீங்க?" எதிர்ப்புறத்தில் மரக்காலை வைத்துப் பலகை விற்கும் மஜீட் கேட்டார்.

"நீங்க கொண்டுபோனத எடுக்க வந்திரிக்கார் காக்கா!" என்றான் எங்கள் பக்கத்து விஜிதரன்.

இரண்டொருவர் சிரித்தார்கள். பிறகு எங்கோ ஒரு கடைக் கதவு இழுத்துப் பூட்டப்பட்டது. அடுத்து இன்னொன்று. தொண்ணூறில் இரு புறமும் வெட்டிக்கொண்டபோது கேட்ட சத்தம்.

அம்மா கழுத்தில் அளவு நாடாவோடு வெளியே வந்தார். முழந்தாளிட்டு முளையை ஆட்டிப் பிடுங்கினார்.

"வாடகைப் பிரச்சினை, வேற ஒண்டுமில்ல. நான் வீட்ட விடுறன்."

"வாடகையா?" என்றார் மஜீட். "முதல்லயே செல்லியிருக்கலாமே அக்கா."

கூட்டம் மெல்லக் கலைந்தது. கடைகள் மாலைவரை திறக்கவில்லை.

"சாமானக் கட்டு மனே," என்றார் அம்மா.

மூன்றாம் நாள் கடலடிக்குப் போனோம். அன்றிலிருந்து அம்மா செருப்போடு படுத்தார். வாசல் படலைக்குப் பூட்டுப் போடவிடவில்லை. கடல் வந்தால் ஓடுவதற்கு.

அவர் முளையைப் பிடுங்குமுன் நான் அளவை எடுத்துவிட்டிருந்தேன். வீடு நகரசபைக்குள், நாலு மீற்றர் உள்ளே.

ஒரே ஒரு தடவை கேட்டார்.

"அண்டைக்கு அளந்ததில அந்த வீடு எல்லைக்கு எந்தப் பக்கம் மனே விழுந்த?"

சொன்னால் வழக்கு. வழக்கென்றால் மறுபடி அந்த ஒழுங்கையில் முளை அடிக்கவேண்டும்.

"நகரசபைக்கு வெளியில அம்மா," என்றேன்.

"அப்ப சரி."

செருப்பின் வாரை இறுக்கிவிட்டுப் படுத்தார்.