கரும்பு மிஷினின் கைப்பிடி

மணலூர்பேட்டை ஆற்றுத் திருவிழாவுக்குக் கரும்பு ஜூஸ் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த பூமாலைக்கு, அன்றைக்குக் கூட்டத்தைவிட வண்டியில் மாட்டியிருந்த சிவப்பு விளக்கைக் கண்டுதான் பயம்.

இருபது வருஷம் ஊர் ஊராகப் போய் ஆலைக்குக் கரும்பு வெட்டியவள் அவள். உடம்பு அதற்கு ஒத்துவராமல் போனதும் புருஷன் மாயவனோடு இந்த வண்டியைப் போட்டாள். அவள் கரும்பைச் செருகுவாள், அவன் சக்கரத்தைக் கையால் சுற்றுவான். பிழிந்த சக்கையை மடித்து, நடுவில் இஞ்சியும் எலுமிச்சையும் வைத்து மறுபடி விடும்போதுதான் மிஷின் முரண்டு பிடிக்கும். அந்த ஒரு நொடிக்கு மாயவன் மொத்த உடம்பையும் கொடுத்துத் தள்ளுவான். ஆறு வருஷம் அப்படித் தள்ளியதில் வலது தோள் போயிற்று. சட்டை போடவே பெண்டாட்டி உதவி வேண்டும். வாய் மட்டும் கொஞ்சமும் குறையவில்லை.

திருக்கோவிலூர் மெக்கானிக் அறிவுச்செல்வன்தான் வண்டிக்கு மோட்டாரும் பேட்டரியும், கூடவே கெபாசிட்டர் என்று ஒரு சின்னப் பெட்டியும் மாட்டிக் கொடுத்தான்.

“பேட்டரி நிதானமா நாள் பூரா ஓட்டும்க்கா. வெடுக்குனு இழுத்தா தாங்காது. அந்த இழுப்ப இந்தப் பொட்டி வாங்கிக்கும். ஆனா ஒரு தபா வாங்கிச்சின்னா, மறுபடி சார்ஜ் ரொம்பறதுக்குப் பத்து எண்ணற நேரம் வுடணும். அதுவரைக்கும் செவப்பு லைட்டு எரியும், ரொம்பிச்சின்னா பச்ச. செவப்பு எரியறப்ப கரும்ப வுட்டீங்கன்னா அடி பேட்டரிக்குத்தான்.”

பழைய சக்கரத்தின் கைப்பிடியை மட்டும் மாயவன் கழற்ற விடவில்லை. “பேட்டரி படுத்துக்கினா இன்னா பண்ணுவ? நான் இருக்கறேன் இல்ல?” என்றான். அதைக் கேட்டதிலிருந்துதான் பூமாலைக்கு இந்தப் பயம். பேட்டரி போனால் அவன் எழுந்துவிடுவான். எழுந்தால் மிச்சமிருக்கிற தோளும் போய்விடும்.

தீர்த்தவாரி முடிந்ததும் மணல் தெரியாத அளவுக்குக் கூட்டம் வண்டிப் பக்கம் திரும்பியது. பூமாலை விளக்கைப் பார்த்துப் பார்த்துத்தான் கரும்பை விட்டாள். ஆனால் அவசரத்தில் கை பழைய கையாகிவிட்டது. இரண்டு கரும்பின் சக்கையைச் சேர்த்து மடித்துத் திணித்தாள். விளக்கு சிவந்தது. அதைப் பார்க்காமல் அடுத்த மடிப்பையும் திணித்தாள். மோட்டார் முனகிக்கொண்டு நின்றது.

அதற்குள் வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாயவன் எழுந்து கைப்பிடியைப் பிடித்துவிட்டான். ஒரே தம். உருளை நகர்ந்தது. கூடவே அவன் வாயிலிருந்து வந்த அலறலில், வரிசையில் நின்ற ஒரு அம்மா குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

பூமாலை சுவிட்சை அணைத்தாள். அவளுக்கு ஆத்திரமும் அழுகையுமாக வந்தது. ஆத்திரம் அவன்மேல் இல்லை, தன் கைமேல்.

“போய் ஒக்காருய்யா,” என்றாள்.

வெட்டுக்கத்தியை எடுத்துக் கரும்பை நெடுக்காகப் பிளந்தாள். மறுபடி சுவிட்சைப் போட்டு ஒவ்வொரு கீற்றாக விட்டாள், மடிக்கவே இல்லை. பச்சை வரும்வரை வாய்விட்டுப் பத்து எண்ணினாள். கரும்புக்கு அரை டம்ளர் சாறு குறைந்தது.

“இன்னாம்மா, ஸ்கூலு பாடமா நடத்திக்கினு இருக்கற?” என்றார் வரிசையில் ஒருவர்.

“மிஷினுக்கும் தோளு இருக்குதுங்க. அவசரம்னா அடுத்த வண்டிக்குப் போங்க.”

நாலைந்து பேர் முணுமுணுத்துக்கொண்டு போனார்கள். மற்றவர்கள் நின்றார்கள். பிள்ளைகள் அவளோடு சேர்ந்து எண்ணவே ஆரம்பித்துவிட்டன.

வெயில் தாழ்ந்து கூட்டம் கொஞ்சம் விட்ட நேரத்தில் மாயவன் டீ குடித்துவிட்டு வந்தான். சக்கரத்தில் கைப்பிடி இருந்த இடம் வெறும் ஓட்டையாக இருந்தது.

“எங்கடி அது?”

“ஆத்துல போட்டுட்டேன்.”

“பேட்டரி போச்சின்னா?”

“போனா மறுபடி கரும்பு வெட்டப் போறேன். ஒன் தோள இனிமே கேக்க மாட்டேன்.”

மாயவன் ஆற்றை ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். அப்புறம் கீழே உட்கார்ந்து ஒரு கரும்பைக் கால்களுக்கு இடையில் இடுக்கிக்கொண்டு, இடது கையால் கத்தியை எடுத்தான்.

“நான் பொளக்கறேன். நீ எண்ணு,” என்றான்.