அண்ணை எதிர்ப்பக்கம் பேசிய நாள்

போன கிழமை நீர்வேலிச் சந்தியில் வெங்காயம் வாங்கப் போனேன். "அன்ரி, எங்கடை வெங்காயமோ, இந்தியன் வெங்காயமோ?" என்று கடைக்காரப் பெடியன் கேட்டான். நான் வாய் திறப்பதற்குள் எனக்குப் பின்னால் நின்ற இருவர் தொடங்கிவிட்டார்கள். ஒருவர் வெங்காயம் நடுகிறவர். "உந்த இந்தியன் வெங்காயத்தை நிப்பாட்டாட்டி நாங்கள் மண்ணைத்தான் தின்னவேணும்" என்றார். மற்றவர் சாப்பாட்டுக்கடை வைத்திருப்பவர். "நிப்பாட்டினா ஒரு றோல்சை நான் என்ன விலைக்கு விக்கிறது?" என்று பாய்ந்தார். இருவரும் நன்றாகத்தான் கதைத்தார்கள். கேட்கத்தான் ஆளில்லை. நான் சம்பலுக்கு எங்கடையும் பொரியலுக்கு இந்தியனும் என்று பாதிக்குப் பாதி வாங்கிக்கொண்டு நழுவினேன். இதை நடுநிலை என்று நீங்கள் மெச்சவேண்டாம். எனக்குச் சத்தம் ஒத்துவராது, அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது புத்தூர் மில்லில் தூள் அரைத்துக்கொண்டிருந்தார்கள். மிளகாய் நெடி மூக்கில் ஏற, அடுக்கடுக்காகத் தும்மினேன். தும்மி முடிக்கும்போது மனம் எழுபதுகளில் போய் நின்றது.

அந்த நாட்களில் எங்கள் வீடே ஒரு தும்மல் வீடு. முற்றம், விறாந்தை, சாமியறை வாசல் எல்லா இடமும் செத்தல் மிளகாய் காயும். வெளிநாட்டிலிருந்து மிளகாயோ வெங்காயமோ வரக்கூடாது என்று அரசாங்கம் கதவைச் சாத்தியிருந்த காலம் அது. அண்ணை கொழும்பில் கிளாக்கர் உத்தியோகத்தில் இருந்தார். லீவில் வந்தவர் செத்தல் போகிற விலையைப் பார்த்தார், மண்வெட்டியை எடுத்தார், திரும்பிப் போகவேயில்லை. அரசாங்க உத்தியோகத்தை விட்டவனுக்கு யாழ்ப்பாணத்தில் என்ன மரியாதை என்று உங்களுக்குத் தெரியும். கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்ல வெட்கப்பட்டு அம்மா கொஞ்ச நாள் கோயில் பக்கமே போகவில்லை. மிளகாய் சிவந்ததும் கதை மாறியது. "மாப்பிள்ளை உத்தியோகமோ?" என்று கேட்டுத் திரிந்த கலியாணத் தரகர் "தோட்டம் எவ்வளவு பரப்பு?" என்று கேட்கத் தொடங்கினார். அம்மாவும் நெற்றி நிறையத் திருநீறோடு கோயிலுக்குப் போனா.

எனக்குப் படிப்பு முடிந்து கூட்டுறவுச் சங்கக்கடையில் முதல் வேலை. விடியப்புறம் பேக்கரியிலிருந்து பாண் வந்து இறங்கும். அந்தச் சூட்டு வாசனைக்கு ஊரே கியூவில் நிற்கும். பாதிக் கியூவில் பாண் முடிந்துவிடும். முடிந்த பாணுக்கு ஏச்சு வாங்குவது என் உத்தியோகம். சீனி இல்லை என்றாலும் நான்தான் குற்றவாளி, ரோச் பற்றரி இல்லை என்றாலும் நான்தான். ஒரு தீபாவளிக்கு ஒரேயொரு சீத்தைத் துணிக் கட்டு வந்தது, பச்சையில் மஞ்சள் பூ. ஊர்ப் பெண்கள் எல்லோரும் அதிலேயே சட்டை தைத்துக்கொண்டு கோயிலுக்கு வந்துவிட்டோம். அன்றைக்கு அம்மன் மட்டுந்தான் வேறு நிறத்தில் இருந்தா.

ஆக, ஒரே கூரையின் கீழ் கதவு சாத்தியதால் வாழ்ந்தவர் அண்ணை, ஏச்சு வாங்கியவள் நான். ஆனாலும் எங்களுக்குள் சண்டை வந்ததில்லை. சண்டை பிடிக்க ஊரில் வேறு இடம் இருந்தது.

எங்கள் சனசமூக நிலையத்தைச் சொல்கிறேன். இரண்டு வாங்கு, ஒரு மேசை, நாலு பேப்பர். தலைவர் கந்தையா ஐயா, ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர். ஆண்டு விழாவுக்கு வருடாவருடம் ஒரு விவாதம் வைப்பார். அந்த வருடத் தலைப்பு 'இறக்குமதித் தடை நாட்டுக்கு நன்மையே'. தடைக்கு ஆதரவாக அண்ணையும், எதிராகச் சந்தியில் புடவைக்கடை வைத்திருந்த துரைசிங்கத்தாரும் என்று ஊர் முடிவுகட்டிவிட்டது. துரைசிங்கத்தாரின் அலுமாரிகளில் அப்போது துணியைவிடப் பல்லிகள் அதிகம். தடையை ஏச அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. ஆனால் கந்தையா ஐயாவிடம் ஒரு சட்டம் இருந்தது.

"அவனவன் தன்ரை பக்கத்தைத் தானே கதைச்சா அது சண்டை. மற்றவன்ரை பக்கத்தைக் கதைச்சாத்தான் விவாதம்" என்று சொல்லி ஆட்களை மாற்றிப் போட்டுவிட்டார். மிளகாய்த் தோட்டக்காரன் கதவைத் திறக்கச் சொல்லிக் கதைக்கவேண்டும், துணி இல்லாத முதலாளி சாத்தச் சொல்லிக் கதைக்கவேண்டும்.

அண்ணை என்னிடம் வந்தார். "பிள்ளை, கடையிலை என்னென்ன சாமான் இல்லை? சொல்லு, எழுதிறன்."

நான் பாண், சீனி, பற்றரி என்று அடுக்கினேன்.

"உதெல்லாம் ஊருக்கே தெரிஞ்ச கதை. வீட்டுக்குள்ளை என்ன இல்லை?"

"உங்கடை றேடியோ எதுக்கு மேலை இருக்கெண்டு போய்ப் பாருங்கோ" என்றேன்.

றேடியோ இருந்தது அம்மாவின் தையல் மெசினுக்கு மேல். அம்மா அயலுக்குச் சட்டை தைத்துக் கொடுக்கிறவ. மெசின் ஊசி முறிந்துபோய்விட்டது. யாழ்ப்பாண ரவுண் முழுக்கத் தேடியும் ஊசி இல்லை. அம்மா மெசினுக்கு மேல் ஒரு துணியைப் போட்டு மூடிவிட்டு மிளகாய் ஆயப் போய்விட்டா. மிளகாய்க் காசில் வாங்கிய றேடியோவை அதன்மேல் வைத்து அண்ணை தினமும் பாட்டுக் கேட்டார். துணிக்குக் கீழே என்ன இருக்கிறது என்று அவருக்கு நினைவே இல்லை.

"ஏனம்மா என்னட்டைச் சொல்லேல்லை?"

"சொன்னா நீ என்ன மோனை, தோட்டத்திலை ஊசி நடுவியோ?"

விவாதத்தில் அண்ணை பெரிய பொருளாதாரம் ஒன்றும் கதைக்கவில்லை. அந்த ஊசியைப் பற்றித்தான் கதைத்தார். "என்ரை தோட்டம் விளையிறதுக்காக என்ரை அம்மாவின்ரை மெசின் படுத்துக் கிடக்குது. நான் உழைக்கிறன், அவ தன்ரை தொழிலை விட்டிட்டு நிக்கிறா. இது நியாயமோ?" பெண்கள் பக்கத்தில் இருந்த அம்மா சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தா.

பிறகு துரைசிங்கத்தார் எழும்பினார். வியாபாரிக்கு மேடை புதிது. "என்ரை கடையிலை துணி இல்லை, ஓம். ஆனா இந்த மண்டபத்தைப் பாருங்கோ. பின்னுக்கு வாங்கிலை இருக்க இடமில்லாமல் பெடியள் நிக்கிறாங்கள். உவங்கள் ஏன் ஊரிலை நிக்கிறாங்கள்? தோட்டம் சோறு போடுது. கதவைத் திறந்து பாருங்கோ, சாமான் உள்ளுக்கு வரும், பெடியள் வெளியிலை போவாங்கள்."

எல்லோரும் கைதட்டினார்கள். ஆனாலும் ஊசிதான் வென்றது. கந்தையா ஐயா அண்ணைக்கு ஒரு வெள்ளிரும்புக் குவளை பரிசு கொடுத்தார்.

அடுத்து வந்த தேர்தலில் அரசாங்கம் மாறியது, கதவும் திறந்தது. அண்ணை ரவுணுக்குப் போய் முதலில் வாங்கிவந்தது ஒரு பெட்டி ஊசி. அன்று முழுக்க வீட்டில் மெசின் சத்தம். அண்ணை சாய்மனைக் கதிரையில் இருந்து அதைக் கேட்டுக்கொண்டேயிருந்தார். எங்கள் வீடு அத்தனை சந்தோசமாக இருந்த நாள் வேறு இல்லை என்று நினைக்கிறேன்.

ஊசி வந்த வழியாலேயே மிளகாயும் வந்தது. அண்ணை பயப்படவில்லை. "எங்கடை மிளகாயின்ரை உறைப்பு உதுக்கு வருமே? சனம் ஒருக்கா வாங்கிப் பார்த்திட்டு எங்கடைக்குத்தான் திரும்பி வரும்" என்றார். அவர் மட்டுமல்ல, புத்தூரில் தோட்டம் செய்த எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள். விலை ஏறும்வரை விற்பதில்லை என்று செத்தல் மூட்டைகளை அறைக்குள் அடுக்கினார்கள். எங்கள் வீட்டில் கட்டிலுக்குக் கீழேயும் மூட்டை. நித்திரையிலும் தும்மினோம். சனம் உறைப்பைப் பார்க்கவில்லை, விலையைப் பார்த்தது. நானே சங்கக்கடையில் வெளிநாட்டிலிருந்து வந்த மிளகாயைத்தான் நிறுத்துக் கொடுத்தேன். மாரி பிறக்க, மூட்டைக்குள் இருந்த மிளகாய் நிறம் மங்கிப் பூஞ்சணம் பிடித்தது.

சலூனில் பகிடி தொடங்கியது. "ஏன் காணும் முகம் வாடியிருக்கு? நீர்தானே கதவைத் திறக்கச் சொன்னனீர்?" அண்ணையும் சேர்ந்து சிரிப்பார். ஒருநாள் அவர் சிரிக்கவில்லை. பாதிச் சவரத்தோடு எழும்பி வந்துவிட்டார் என்று சொன்னார்கள். அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது. விட்ட உத்தியோகம் திரும்பக் கிடைக்காது. கலியாணத் தரகரும் வேறு ஒழுங்கைகளால் போகத் தொடங்கியிருந்தார்.

சவூதிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றார்கள். பாஸ்போட்டும் இலேசாகக் கிடைத்தது. அம்மா இரண்டு சேட்டுத் தைத்தா. வழியனுப்பத் துரைசிங்கத்தார் கால்சட்டைத் துணியோடு வந்தார். அவருடைய கடையில் இப்போது பல்லி ஒட்டவும் இடமில்லை. துணியை அண்ணையின் கையில் கொடுத்துவிட்டு, "தம்பி, அண்டைக்கு நான் கதைச்ச பக்கம் வென்றிருக்கலாம்" என்றார். அவருடைய கண் கலங்கியிருந்தது.

"போட்டு வாறன்" என்று சொல்லித்தான் அண்ணை போனார். சவூதியில் இருக்கும்போதே இங்கே சண்டை தொடங்கிவிட்டது. அங்கிருந்து ஜேர்மனிக்குப் போனார். அம்மா செத்தபோதும் யுத்தத்தால் பாதை பூட்டியிருந்தது, அவரால் வர முடியவில்லை. துரைசிங்கத்தாரின் கடை குண்டில் போயிற்று. சனசமூக நிலையத்தைத் திருத்திக் கட்டினார்கள். இப்போது அதற்குள் ரியூசன் நடக்கிறது. அடுத்தவரின் பக்கத்தை எடுத்துக் கதைக்க யாரும் யாரையும் கேட்பதில்லை.

போன ஆவணியில் அண்ணை வந்தார். வெயிலில் தோட்டப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வியர்த்து வந்து கதிரையில் இருந்தார். நான் ஓடிப்போய்க் கிணற்றில் அள்ளிச் செம்பு நிறையக் கொண்டுவந்து நீட்டினேன். அவர் உத்தியோகத்தை விட்டுவிட்டு வந்த வருடம் தானே இறங்கி ஆழமாக்கிய கிணறு அது.

அண்ணை செம்பை வாங்கவில்லை. கொஞ்சம் கூச்சத்தோடு என்னைப் பார்த்தார்.

"குறை நினையாதை பிள்ளை. இந்தத் தண்ணி எனக்கு இப்ப ஒத்துக்கொள்ளாது. போத்தில் தண்ணி இருக்கோ?"

"ஓம் அண்ணை, இருங்கோ" என்று சொல்லிவிட்டுக் கடைக்கு நடந்தேன்.