லோ வோல்டேஜில் ஆறு கோழிக்குஞ்சுகள்

சூடேறிய குண்டு பல்பின் மேல் தூசு கருகும் லேசான வாசம் எங்கிருந்து வந்தாலும், இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் மழை விடாமல் பெய்த ஓர் ஐப்பசி மாதத்துக்கு, குருசுக்குப்பத்தில் நாங்கள் குடியிருந்த ஓட்டு வீட்டுக்கு நான் போய்விடுகிறேன். டைபாய்டு காய்ச்சலில் மூன்று வாரம் படுத்துக்கிடந்த என் தம்பி ஜெரோம், காய்ச்சல் விட்ட பிறகும் சாப்பிடாமல், கட்டிலை விட்டு இறங்காமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்ததால், சாயம் பூசிச் சைக்கிளில் விற்றுவந்த "கலர் குஞ்சு" ஆறை அப்பா வாங்கி வந்தார். அன்றைக்கு அவன் ஒரு கிண்ணம் கஞ்சி குடித்தான். அந்தக் குஞ்சுகள் சாகக்கூடாது என்பது யாரும் சொல்லாமலே எங்கள் எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

"இதுங்க ரெண்டு நாள் தாங்காது, புள்ளகிட்ட ரொம்பக் காட்டாதீங்க" என்றார் பக்கத்து வீட்டு மரி அக்கா. அம்மா அட்டைப்பெட்டியில் உமியைப் பரப்பி, குளிருக்கு இதமாக நூறு வாட் பல்பு ஒன்றை உள்ளே தொங்கவிட்டார்.

எங்கள் தெருவில் மாலை ஏழு மணிக்கு எல்லா வீட்டிலும் டிவி ஓடத் தொடங்கியதும் "லோ வோல்டேஜ்" வந்துவிடும். மின்விசிறி தள்ளாடும், டியூப்லைட் இரண்டு முறை கண்சிமிட்டிவிட்டு அணைந்துபோகும். மறுநாள் மாலை பெட்டிக்குள் இருந்த பல்பும் மங்கி மங்கி, கடைசியில் சிவந்த கம்பி மட்டும் தெரிந்தது. குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு கத்தின.

"செத்துடுமாக்கா?" என்று ஜெரோம் கட்டிலில் இருந்தபடியே கேட்டான்.

அம்மா பெட்டிக்குள் கையை விட்டுப் பார்த்தார். "வெளிச்சம் போன அளவுக்குச் சூடு போவல. நீயே கைய வச்சிப் பாரு."

வைத்துப் பார்த்தேன், உண்மைதான், பல்பைச் சுற்றி வெதுவெதுப்பு மிச்சமிருந்தது. அப்பா ஒயரை ஒரு சாண் இறக்கிக் கட்டினார். சற்று நேரத்தில் கத்தல் அடங்கி, ஆறும் பல்புக்கு அடியில் கண்ணயர்ந்தன.

நாங்கள் சாப்பிட உட்கார்ந்தபோது வோல்டேஜ் திடீரென்று ஏறியது. பல்பு வெள்ளையாகச் சுடர்விட, குஞ்சுகள் வாயைப் பிளந்துகொண்டு மூலைக்கு மூலை ஓடின. எங்களுக்கு முன்னால் ஜெரோம் கட்டிலிலிருந்து குதித்து, பெட்டியிடம் ஓடி, ஒயரை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டான்.

"தூக்கிக் கட்டுப்பா, சுடுது அதுங்களுக்கு."

அப்பா ஒயரைக் கட்டினார். அம்மா குஞ்சுகளைப் பார்க்கவேயில்லை. தரையில் ஊன்றி நின்ற அவன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சோறு போடட்டுமாடா?" என்றார். அவன் போடச் சொன்னான்.

வோல்டேஜ் பாதியானால் பல்பின் சூடு மூன்றில் ஒரு பங்காகவும், வெளிச்சமோ பத்தில் ஒரு பங்காகவும் குறையும் என்று பல வருடம் கழித்துப் பாலிடெக்னிக்கில் படித்தேன். ஆறில் ஐந்து குஞ்சுகள் பிழைத்து, சாயமெல்லாம் உதிர்ந்து, வெள்ளைக் கோழிகளாக வளர்ந்தன.

இன்று வீடு முழுக்க எல்.இ.டி. பல்புகள், வோல்டேஜ் குறைந்தாலும் அவை மங்குவதில்லை. குண்டு பல்பு கேட்டால் கடைக்காரர் பழைய பெட்டிகளைத் துழாவுகிறார். மீசை வைத்த ஜெரோமிடம் அந்த மாலையைப் பற்றிப் பேசினால், காய்ச்சலில் கிடந்ததே தனக்கு நினைவில்லை என்கிறான். நல்லதுதான் என்று விட்டுவிடுகிறேன்.