டப்பாவில் வர வேண்டிய லாபம்

என் அண்ணன் பிரகாசம் டெலிபோன் இலாகா வேலையை விட்டபோது அப்பா அவனோடு பேச்சை நிறுத்திவிட்டார். பென்ஷன் வருகிற வேலையை உதறிவிட்டு, டிவியில் பந்தாட்டம் ஆடுகிற பெட்டி செய்யப் போகிறேன் என்றால் எந்த வீட்டில் கொஞ்சுவார்கள்? அது 1978. மெட்ராசுக்கு டிவி வந்தே மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. கிண்டியில் ஒரு ஷெட் பிடித்து, ஒயர் பற்றவைக்க நாலு பெண்களை வைத்துக்கொண்டான்.

அவன் கணக்கு இதுதான். பெட்டி செய்ய அறுநூறு ரூபாய் ஆகும், நானூற்றைம்பதுக்கு விற்பான். அதில் செருகுகிற சின்ன டப்பாக்கள் தனி. டப்பாவுக்கு ஓர் ஆட்டம். செய்ய இருபது, விலை அறுபது. ஒரு வீட்டில் நாலு டப்பா வாங்கினால் நஷ்டம் கழிந்துவிடும், ஐந்தாவதிலிருந்து லாபம்.

"சின்ன மீனைப் போட்டுத்தான் பெரிய மீனைப் பிடிக்கணும், மர்சலின்" என்பான்.

பெட்டி போயிற்று. டப்பா போகவில்லை. வாரப் பத்திரிகை ஒன்றை வாங்கி ஒன்பது வீட்டில் படிக்கிற ஊர் இது. டப்பாவையும் அப்படியே சுற்றுக்கு விட்டார்கள். நான் மட்டும் என்ன செய்தேன்? சாந்தோமில் எனக்கு டீச்சர் வேலை. பெட்டி வாங்கிய தெரிந்தவர் வீடுகளுக்கெல்லாம் ஆடிக் காட்டவென்று அண்ணனிடமிருந்து டப்பா எடுத்துப்போய் இரவல் கொடுத்தேன். ஆடிப் பார்த்தால் வாங்குவார்கள் என்று மனசார நம்பினேன். அடுத்தது எப்போது வரும் என்றுதான் கேட்டார்கள். அதையும் கொண்டுபோனேன்.

ஒருநாள் லஸ் பக்கம் நீரஜா மாமி வீட்டில் பெட்டி ரிப்பேர் என்று அண்ணன் போனான். மாமி பெருமையாகச் சொன்னாளாம்:

"எங்காத்துல ஒரு டப்பாகூட வாங்கலை. உங்க தங்கை மர்சலின் டீச்சரே மாத்தி மாத்திக் கொண்டுவந்து குடுத்துடறா."

ரிப்பேரை முடித்து, காப்பி குடித்துவிட்டு வந்தான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எட்டு மாதத்தில் ஷெட்டை மூடினான். அப்புறம் கடைசிவரை சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் சம்பளத்துக்கு உட்கார்ந்திருந்தான்.

மாமி சொன்னது எனக்குத் தெரிந்ததே அவனை அடக்கம் செய்த மறுநாள்தான். அவன் மனைவி ஆலிஸ் சொன்னாள்.

"உன்கிட்ட சொல்லிடுங்கன்னு அன்னிக்கே சொன்னேன். 'வேணாம் ஆலிஸ், இந்த வீட்டுல எனக்காக அலையுறது அவ ஒருத்திதான்'னுட்டாரு."

மாமி வீட்டுக்கு அவன் போய்வந்த பிறகும் நான் அவனிடம் போய் டப்பா கேட்டிருக்கிறேன். அவனே எடுத்து என் பையில் வைத்தான்.