என் மகளின் பெயரில் என் வழக்கு

பயம் வந்தால் எனக்கு வாய் நீளும். சிலருக்கு வியர்க்கும், சிலருக்கு வயிறு கலங்கும். எனக்கு இரண்டும் நடக்கும், கூடவே கிண்டலும் கிளம்பும். என் மாமனார் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஆக்சிஜன் சிலிண்டரைத் தட்டிப் பார்த்து, "இதுக்கு மானியம் உண்டா சிஸ்டர்?" என்று கேட்டவன் நான். என் மனைவி அதன் பிறகு இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. அந்த இரண்டு மாதமும் வீடு அமைதியாக இருந்தது என்று இன்னொரு ஜோக் சொன்னதில் அது மூன்று மாதமானது.

அப்படிப்பட்ட வாய், பேச வேண்டிய ஒரே ஒரு இடத்தில் பூட்டிக்கொண்டது. அந்தக் கதை இது.

எங்கள் ஊரான காரைக்காலுக்குக் கிழக்கே கடல், மற்ற மூன்று பக்கமும் தமிழ்நாடு. இந்தப் பக்கம் கடையில் பில் போட்டு மலிவாக வாங்கும் மது பாட்டில், வாஞ்சூர் சோதனைச் சாவடியைத் தாண்டியதும் குற்றமாகிவிடும். பாட்டில் மாறுவதில்லை, மாநிலம்தான் மாறுகிறது. ஆனாலும் அந்தப் பக்கத்துச் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குக் காரைக்கால்காரன் போனால், தட்டில் எத்தனை பழம் இருந்தாலும் ஆண்களின் பார்வை பையின் அடியைத்தான் தேடும். யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். வெறுங்கையோடு போனால், "மாப்ள ரொம்ப நல்லவரா மாறிட்டாரு போல" என்பார்கள். அதைவிட அவமானம் கிடையாது.

மச்சான் சாவடிக்கு அந்தப் பக்கம், நாகூரில் வீடு கட்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமை பால் காய்ச்சினார். சனிக்கிழமையே ஆறு பாட்டில் வாங்கி, பழைய துண்டில் சுற்றி, மகளின் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்தேன். என் பைக்கில் அந்த வசதி இல்லை. பொம்பளைப் பிள்ளை வண்டியை அங்கே அதிகம் நிறுத்த மாட்டார்கள் என்ற ஊர் ஞானமும் ஒரு காரணம். மறுநாள் பதினொரு மணிக்கு நானும் மனைவியும் அதில் போவதாகத் திட்டம். மகள் எட்டு மணிக்கே நாகூரில் தோழியின் நிச்சயதார்த்தத்துக்கு அதே வண்டியில் போகிறாள் என்று மனைவி இரண்டு முறை சொன்னாளாம். நான் இரண்டு முறையும் 'ம்' கொட்டினேனாம்.

மகள் அப்போது பி.எஸ்ஸி. நர்சிங் கடைசி வருஷம்.

எட்டரைக்குப் போன் வந்தது. "அப்பா, சீட்டுக்கு அடியில என்னப்பா வெச்சீங்க?"

எங்கள் வீடு இருக்கும் கோவில்பத்திலிருந்து அவ்வளவு வேகமாக நான் பைக் ஓட்டியதே இல்லை. கீழவாஞ்சூரில் துறைமுகத்து நிலக்கரி லாரிகள் வரிசையில் நின்றன. ஒவ்வொன்றையும் தாண்டும்போது ஒவ்வொரு பதில் தயார் செய்தேன். சாவடிக்குப் போய்ச் சேர்ந்தபோது முகத்தில் கரி. கண்ணாடியில் பார்த்திருந்தால் குற்றவாளி யார் என்று எனக்கே தெரிந்திருக்கும்.

மேஜைமேல் ஆறு பாட்டிலும் குரூப் போட்டோவுக்கு நிற்பது போல வரிசையாக நின்றன. பக்கத்தில் பட்டுப் புடவையும் மல்லிகைப் பூவுமாக என் மகள். அழவில்லை. வார்டில் நோயாளி பக்கத்தில் நிற்பது போல நேராக நின்றாள்.

சப்-இன்ஸ்பெக்டர் மரியாதையானவர். "உக்காருங்க சார். பொண்ணோட அப்பாவா? பைக்ல அரசுன்னு ஸ்டிக்கர் இருக்கே, எந்த ஆபீஸ்?"

சொன்னேன்.

"வண்டி பொண்ணு பேர்ல இருக்கு. ஓட்டிட்டு வந்ததும் அவங்கதான். பாட்டில் அவங்களோடதா இருக்காதுன்னு எனக்குத் தெரியும். யாரோடது சார்?"

எளிமையான கேள்வி. பதில் ஒரே சொல். வெளியே ஒரு லாரி நீளமாக ஹாரன் அடித்தது. அது அடித்து ஓய்வதற்குள் என் தலைக்குள் ஒரு முழு விசாரணையே நடந்து முடிந்தது. வழக்கு, சஸ்பென்ஷன் ஆர்டர், ஆபீசில் என் நாற்காலியில் வேறு ஆள், கேன்டீனில் என்னைப் பற்றி நானே சொல்லக்கூடிய அத்தனை ஜோக்கையும் மற்றவர்கள் சொல்லிச் சிரிப்பது.

"தெரியலீங்க சார்," என்றேன்.

மகள் என்னைப் பார்த்தாள். ஒரு விநாடிதான். பிறகு அவரைப் பார்த்து, "வண்டியில அது இருந்ததே எனக்குத் தெரியாது சார்," என்றாள்.

அங்கே சொல்லப்பட்ட இரண்டு 'தெரியாது'களில் ஒன்றுதான் உண்மை. வழக்கு அந்த உண்மையைச் சொன்னவள் மேல் பதிவானது.

சாயங்காலத்துக்குள் ஸ்டேஷன் பெயிலில் வீட்டுக்கு வந்துவிட்டோம். ஸ்கூட்டர் அங்கேயே நின்றது. "ஏங்க, பாட்டில் உங்களுதுன்னு சொன்னீங்கதானே?" என்று மனைவி கேட்டாள். "எங்கடி சொல்ல விட்டாங்க!" என்றேன். மகள் பூவை எடுத்து வைத்துவிட்டு உள்ளே போனாள். அவள் நான் சொன்னதைத் திருத்தவில்லை. திருத்தியிருந்தால் எனக்கு அன்று தூக்கம் வந்திருக்கும்.

அந்தப் பக்கத்து வக்கீல் ஒருவரைப் பிடித்தேன். இந்த மாதிரி வழக்குகளை அவர் மொத்த வியாபாரமாகப் பார்ப்பவர். "இதெல்லாம் ஒரு விஷயமா சார்? குற்றப்பத்திரிகை வந்ததும் சம்மன் வரும். பொண்ணு போயி 'ஆமாங்கய்யா'ன்னு ஒத்துக்கட்டும். அபராதத்தோட முடிஞ்சிரும். காலைல வந்தா மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிரலாம்." அவரை எனக்கு மிகவும் பிடித்துப்போனது. என் நிம்மதிக்கு அவர் ஒரு நேரமும் குறித்துக் கொடுத்துவிட்டாரே.

சம்மன் வருவதற்குள் மகள் படிப்பை முடித்துவிட்டாள். நர்சாக வேலை செய்ய நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். பதிவு எண் இல்லாமல் ஒரு ஊசிகூடப் போட முடியாது. அந்த விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு ஒருநாள் மாலை என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, இத படிங்க."

இரண்டு கேள்விகள். உங்கள் மீது குற்ற வழக்கு ஏதும் நிலுவையில் உள்ளதா? எந்தக் குற்றத்துக்காகவாவது தண்டிக்கப்பட்டிருக்கிறீர்களா?

எனக்குப் பயம் வந்தது. வாயும் ஆரம்பித்தது.

"ரெண்டுக்கும் 'இல்லை'ன்னு போடு பாப்பா. வெரிஃபிகேஷனுக்கு நம்ம ஊர் போலீஸ்தான் வரும். கேஸு பார்டருக்கு அந்தாண்ட. நம்ம ஏட்டையா நம்ம ரெஜிஸ்டரப் புரட்டுவாரு, ஒன்னும் இருக்காது, டீ குடிச்சிட்டுப் போயிருவாரு." ஏட்டையா டீயை உறிஞ்சுவது போலச் செய்தும் காட்டினேன். மனைவிகூடச் சிரிக்கவில்லை.

"மறைச்சது பின்னாடி தெரிஞ்சா பதிவையே ரத்து பண்ணுவாங்க. கேஸ் இருக்குறதவிட பொய் சொன்னதுதான் பெரிய தப்புன்னு மேடம் கிளாஸ்லயே சொல்லியிருக்காங்க."

"சரி, அப்ப வக்கீல் சொன்ன மாதிரி ஒத்துக்கிட்டு முடிச்சிருவோம். முடிஞ்சா நிலுவையில இல்லல்ல?"

"முடிஞ்சா ரெண்டாவது கேள்விக்கு 'ஆம்' ஆயிரும்ப்பா. ஒத்துக்கிட்டா அது தண்டனை. அபராதம் கட்டுனாலும் தண்டனைதான்."

அதை நான் யோசிக்கவே இல்லை. எங்கள் ஊரில் அது அபராதம், அவ்வளவுதான். ஹெல்மெட் போடாததற்குக் கட்டுவது போலக் கட்டிவிட்டு வருவார்கள். அந்த ஒரு 'ஆமாங்கய்யா' வாழ்நாள் முழுக்க ஒரு பெண்ணின் பெயரோடு ஒட்டிக்கொண்டு வரும் என்று யாரும் சொன்னதில்லை. அல்லது அப்படிக் கேள்வி கேட்கும் வேலைக்கு யாரும் போனதில்லை. அவளை அந்தக் கோர்ட்டுக்கு அழைத்துப் போய்ச் சொல்ல வைக்க இருந்தவன் நான்தான்.

"அப்ப என்னதான் பண்றது?" என்றேன், எரிச்சலாக. பயந்தவனுக்கு எரிச்சல் ஒரு நல்ல சட்டை.

அவள் விண்ணப்பத்தை மடித்தாள். "இன்னொரு வழி இருக்குப்பா. உங்களுக்கே தெரியும்."

மனைவி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அன்றுதான் அவளுக்கும் புரிந்தது. அவள் கத்தவில்லை. எழுந்து போய் அடுப்பை அணைத்தாள். அடுப்பில் ஒன்றுமே இல்லை.

பதினோரு வாரம் தள்ளினேன். இதை எழுதும்போதும் எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்லலாமா என்று கை துறுதுறுக்கிறது. அந்தப் பதினோரு வாரத்தில் நான் செய்தவை: அரசு ஊழியர் நடத்தை விதிகளை முழுக்கப் படித்தேன். சேர்ந்த நாளிலிருந்து படிக்காதது, அப்படியொரு விறுவிறுப்பு. மூன்று மருந்துக் கடைகளில் பிரஷர் பார்த்தேன், மூன்றிலும் வேறு வேறு எண் வந்தது. குறைவாக வந்த கடையை நம்பினேன். ஆபீசில் பக்கத்து நாற்காலி நண்பரிடம், "என் தோஸ்த்து ஒருத்தனுக்கு..." என்று ஆரம்பித்தேன். அவர் கோப்பிலிருந்து தலை தூக்காமல், "உங்க தோஸ்த்து பொண்ணு நர்சிங் படிக்குதா?" என்றார்.

நான் என் கோப்பைப் பிரித்து வைத்துக்கொண்டேன்.

"அண்ணே, தோஸ்த்துக்கு வேல போகாது. மெமோ வரும், சஸ்பென்ஷன்கூட வரலாம், என்கொயரி ஒரு ரெண்டு வருஷம் இழுக்கும். தோஸ்த்துக்கு இனிமே என்ன பெரிய புரமோஷன் வரப்போவுது? அந்தப் புள்ளைக்கு இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே."

நான் தள்ளிக்கொண்டிருந்தபோது அவள் காத்திருக்கவில்லை. முதல் கேள்விக்கு 'ஆம்' என்று குறித்து, எஃப்.ஐ.ஆர். நகலையும் ஒரு விளக்கக் கடிதத்தையும் வைத்து அனுப்பிவிட்டாள். கடிதத்தில் என்னைப் பற்றி எதுவும் இல்லை. 'பாட்டில்கள் வண்டியில் இருந்தது எனக்குத் தெரியாது' என்று மட்டும் எழுதியிருந்தாள். பதில் வந்தது: வழக்கின் முடிவு தெரியும்வரை பதிவு நிறுத்தி வைக்கப்படுகிறது.

கூடப் படித்தவர்கள் எல்லாம் வேலைக்குப் போனார்கள். இவள் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் உதவியாளாகச் சேர்ந்தாள். டெம்பரேச்சர் எழுதலாம், படுக்கை விரிக்கலாம், ஊசியைத் தொடக் கூடாது. ஒருநாள் சாப்பாடு கொடுக்கப் போனேன். வார்டில் அவளுடைய வகுப்புத் தோழி ஒரு வயதானவருக்கு நரம்பு தேடிக்கொண்டிருந்தாள். கிடைக்கவில்லை. என் மகள் பக்கத்தில் டிரேயைப் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் மேல பாருடி, அங்க இருக்கு பாரு," என்று கண்ணால் காட்டினாள். தோழி அங்கே குத்தினாள், ஏறியது. அந்த ஆள் தோழியைப் பார்த்து, "கை ராசிம்மா உனக்கு," என்றார். தோழிகள் இருவரும் சிரித்தார்கள். நான் டிபன் கேரியரை ரிசப்ஷனில் வைத்துவிட்டுப் படியிறங்கி, நேராக வக்கீலுக்குப் போன் போட்டேன்.

"சார், எம் பொண்ணு ஒத்துக்காது. நான்தான் சாட்சி சொல்லப் போறேன்."

"என்னன்னு?"

"பாட்டில் என்னுதுன்னு."

"சார், யோசிச்சுட்டீங்களா? கூண்டுல ஏறி அப்படிச் சொன்னா உங்க மேல கேஸ் திரும்பும். அன்னைக்குப் பொய் சொன்னீங்கன்னும் ஆகும். கவர்மென்ட் உத்தியோகம் வேற."

"யோசிச்சுத்தான் சார் இத்தன நாள் வீணாப்போச்சு."

வழக்கு நான்கு வாய்தா தள்ளிப்போனது. ஒவ்வொரு முறையும் தைரியத்தை இஸ்திரி போட்டு எடுத்துப் போய், கசங்காமல் திரும்பக் கொண்டுவந்தேன். ஐந்தாவது முறை என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். கூண்டு என்றால் சினிமாவில் வருவது போல இருக்கும் என்று நினைத்திருந்தேன். இடுப்பளவு மரச்சட்டம்தான். கை வைத்த இடத்தில் எனக்கு முன்னால் நின்றவர்களின் வியர்வை வழவழப்பாகப் படிந்திருந்தது.

பாட்டில் வாங்கியது, துண்டில் சுற்றியது, மச்சான் வீட்டு விசேஷம், எல்லாம் சொன்னேன். கடையின் பில்லையும் கொடுத்தேன். அதை நான் ஏன் கிழித்துப் போடாமல் வைத்திருந்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. பிறகு அரசு வழக்கறிஞர் எழுந்தார்.

"மகளைக் காப்பாத்த இப்ப கதை சொல்றீங்க. உண்மைன்னா அன்னைக்கே சாவடியில ஏன் சொல்லல?"

வாயில் ஒரு ஜோக் வந்தது. நல்ல ஜோக்கும்கூட. நீதிபதி பேனாவைத் தூக்கிக் காத்திருந்தார். கடைசி பெஞ்சில் மகள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

"பயந்துட்டேன்ங்க," என்றேன். "வேல போயிரும்னு பயந்துட்டேன். கேஸு எம் பொண்ணு மேல போறது தெரிஞ்சும் சும்மா நின்னேன்."

நீதிபதி எழுதிக்கொண்டார். என்னுடைய பேச்சை வரி பிசகாமல் ஒருவர் எழுதிக்கொண்டது அதுவே முதல் முறை.

இரண்டு வாரம் கழித்து அவளை விடுதலை செய்து தீர்ப்பு வந்தது. தீர்ப்பின் நகல் கிடைக்க ஒரு மாதம். கவுன்சிலில் நேரில் வரச் சொல்லி, மூன்று பேர் உட்கார்ந்து விசாரித்தார்கள். நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். வெளியே வந்தவள், "அப்பா மேல கோவமா இருக்கியாம்மான்னு ஒரு மேடம் கேட்டாங்க," என்றாள்.

"என்ன சொன்ன?"

"அது ஃபார்ம்ல இல்லாத கேள்வி மேடம்னு சொன்னேன்."

ஒரு வருஷம் தாமதமாகப் பதிவு எண் வந்தது. எனக்கு மெமோ வந்தது, அந்தப் பக்கத்து ஸ்டேஷனிலிருந்து சம்மனும் வந்தது. என்கொயரி நடக்கிறது. வேறு செக்‌ஷனில், ஜன்னல் இல்லாத அறையில் என்னைப் போட்டிருக்கிறார்கள். இதைப் பற்றி நிறையச் சொல்லலாம், ஆனால் சொல்லும்படியாக எதுவும் நடக்கவில்லை.

எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். போன வாரம் வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றின் விண்ணப்பத்தை மகள் பிரிண்ட் எடுத்து வந்தாள். அங்கே கேள்வி வேறு மாதிரி இருந்தது. பிறகு விடுதலை ஆகியிருந்தாலும் சரி, உங்கள் மீது எப்போதாவது குற்றம் சாட்டப்பட்டதா?

விடுதலை ஆகியிருந்தாலும் சரி. இதை நாலைந்து முறை படித்தேன். அவள் எங்கே போனாலும் எந்த வயதிலும் இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான். கூண்டில் ஏறி நான் மாற்றியது தீர்ப்பை மட்டும்தான்.

அவள் 'ஆம்' என்று டிக் செய்தாள். கீழே விளக்கத்துக்குச் சின்னக் கட்டம். "இங்கிலீஷ்ல நான் மாத்திக்கிறேன். தமிழ்ல நீங்க எழுதிக் கொடுங்கப்பா," என்று ஒரு வெள்ளைத் தாளை நீட்டினாள்.

அவள் எழுதுவது போல எழுத வேண்டும். 'வண்டியில் இருந்த பாட்டில்கள் என் தந்தையுடையவை. அவை அங்கே இருப்பது எனக்குத் தெரியாது' என்று எழுதினேன். பேனாவை மூடினேன். மறுபடி திறந்து, 'அன்று அவர் உடனிருந்தும் அதைச் சொல்லவில்லை' என்று சேர்த்தேன்.

அவள் வாங்கிப் படித்தாள். "கடைசி வரிய அவங்க கேக்கலப்பா."

"தெரியும்."

அந்த வரியைப் பேனாவால் அடித்துவிடுவாள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அடிக்கவில்லை. தாளை ஃபைலில் வைத்துக்கொண்டு, டியூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போனாள்.