இரண்டாவது கமா

மேனிஃபெஸ்ட் அக்கா ரப்பர் ஸ்டாம்பைத் தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. காலை பத்து மணி இருக்கும். பழைய துறைமுகத்துக்கு எதிரே, ஒரு சரக்கு அலுவலகத்தின் முதல் மாடி. கீழே சிமென்ட் லாரிகள் வரிசையாக நின்றன. அந்த ஸ்டாம்ப் விழாமல் எந்தத் தோணியிலும் ஒரு மூட்டைகூட ஏறாது. அதை உள்ளே வைத்துவிட்டு அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

தோணியில் ஏறும் சரக்கின் பட்டியலைத் தயாரிப்பவர் என்பதால் அவருக்கு அந்தப் பெயர். தருவைகுளத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். என்னைவிட இரண்டு வயது இளையவர்தான். ஆனாலும் மேலாளர் முதல் லோடுமேன் வரை எல்லோருக்கும் அவர் அக்கா. நான் மில்லர்புரத்தில் வளர்ந்து, சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்து, அவர்களுடைய புது மென்பொருளைப் பொருத்தித் தருவதற்காகச் சொந்த ஊருக்கே அனுப்பப்பட்டவன். அது ஓடத் தொடங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை.

எங்கள் தரவுத்தளம் ஐரோப்பிய நாடு ஒன்றின் வழக்கப்படி அமைக்கப்பட்டிருந்தது. நாம் புள்ளி வைக்கும் இடத்தில் அவர்கள் கமா வைப்பார்கள். அதற்குப் பின்னால் வருவதெல்லாம் பின்னம். கையால் அடிக்கும் எடைகளில் யாரும் கமா போடாததால் பெரிதாக எதுவும் கண்ணில் படவில்லை. அன்று ஒரு வியாபாரி தன் பட்டியலை எக்ஸெலில் அனுப்பியிருந்தார். அதில் ஒரு சிமென்ட் சரக்கின் எடை, நம் வழக்கப்படி, 1,12,500 கிலோ. இரண்டு கமாவைக் கண்டதும் மென்பொருள் அதைப் பிழை என்று சொல்லி நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. சோதனையின்போது பிழைச் செய்திகள் வந்து மானத்தை வாங்குகின்றன என்று, இரண்டாவது கமாவிலிருந்து வெட்டிவிடும்படி நான்தான் இரண்டு வரி எழுதியிருந்தேன். வெட்டியபின் மிஞ்சியது ஒன்றே சொச்சம். திரையில் ஒரு கிலோ.

அந்தச் சரக்கு ஏறவேண்டியது மாலத்தீவுக்குப் போகிற தோணியில். இருநூற்று ஐம்பது டன் தாங்கும். உண்மையில் பட்டியலில் இருந்த சரக்கிலேயே அது ஏறக்குறைய நிறைந்துவிடும். திரையோ பாதி காலி என்றது. மேலாளர் மகிழ்ந்துபோய் இன்னும் நூறு டன் சிமென்டுக்கு ஒப்புக்கொண்டுவிட்டார். கீழே நின்றவை அந்த லாரிகள்தான்.

அக்கா பட்டியலைப் பேனாவால் ஒரு தாளில் கூட்டிப் பார்த்து, வித்தியாசத்தை இருவரிடமும் காட்டினார். மேலாளர் என்னைப் பார்த்தார். ஒரே நிமிடத்தில் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. அப்போதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது வேறு. கமா போட்டு அனுப்பியவர்தான் தப்பு செய்திருக்கிறார், உலகம் முழுக்க இப்படித்தான் என்றேன்.

"உலகம் பூரான்னு சொல்லுதீங்க. தூத்துக்குடி அதுல இல்லையா அண்ணே?" என்றார் அக்கா.

இந்த ஒரு எண்ணை மட்டும் கையால் திருத்தித் தருகிறேன் என்றேன். அவர் அசையவில்லை. இதைத் தான் பார்த்துவிட்டதாகச் சொல்லி, பார்க்காமல் போனவை எத்தனை என்று யாருக்குத் தெரியும் என்று கேட்டார். பிறகு திரையைப் பார்த்தபடியே சொன்னார்: "புரியலைன்னா புரியலைன்னு நிக்கட்டும். புரிஞ்ச மாதிரி நடிக்கக் கூடாது."

எனக்குச் சுருக்கென்றது.

மேலாளருக்கு லாரிகளைத் திருப்பி அனுப்ப மனமில்லை. ஏற்றிக்கொண்டே போகலாம், தோணி அமுங்குவதைப் பார்த்துத் தண்டல் நிறுத்திவிடுவார் என்றார். தோணியை ஓட்டிப்போகிறவரைத்தான் தண்டல் என்போம்.

"தண்டல் பாத்துக்கிடுவாருன்னா நாம எதுக்கு சார் இங்கன உக்காந்திருக்கோம்?"

ஸ்டாம்ப் போடு, இல்லாவிட்டால் அதைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போ என்றார் மேலாளர். அக்கா இரண்டையும் செய்யவில்லை. மதியச் சாப்பாட்டையும் அந்த மேஜையிலேயே சாப்பிட்டார். அந்தத் தோணியில் அவருடைய உறவினர் யாரும் இல்லை. பின்னாளில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மூன்று மணிக்குத் தண்டலே மாடியேறி வந்தார். அக்கா இரண்டு கூட்டுத்தொகைகளையும் அவரிடம் காட்டினார். பட்டியல் சரியாகாமல் மூட்டை ஏற்றப் பலகை போட விடமாட்டேன் என்று சொல்லிவிட்டுத் தண்டல் இறங்கிப் போனார்.

நான் சென்னைக்குப் போன் செய்தேன். எல்லாத் துறைமுகங்களுக்கும் ஒரே அமைப்பு, எதையும் தொடாதே என்றார்கள். போனை வைத்துவிட்டுத் தொட்டேன். என் இரண்டு வரிகளையும் அழித்தேன். வந்த எண்ணை வந்தபடியே முதலில் சேமிக்கவும், அனுப்பியவரின் நாட்டு வழக்கப்படி அதைப் படிக்கவும், படிக்க முடியாவிட்டாலோ முன்பு பதிவான எண்ணோடு ஒத்துப்போகாவிட்டாலோ சிவப்பில் காட்டி நிற்கவும் புதிதாக எழுதினேன். அந்த வாரப் பட்டியல்கள் அனைத்தையும் மறுபடி ஓட்டினேன். பதினொரு இடங்கள் சிவந்தன. திரையை மேலாளர் பக்கம் திருப்பி, வெட்டச் சொன்னவன் நான்தான் என்றேன். நூறு டன் சிமென்ட் கிடங்குக்குத் திரும்பிப் போனது.

எனக்கு மெமோ வந்தது. மறுபடி இப்படி நேர்ந்தால் மறுபடியும் இதையே செய்வேன் என்று பதில் எழுதினேன். இரண்டு வருடம் பதவி உயர்வு கிடைக்கவில்லை. அக்காவை ஸ்டேஷனரி அறைக்கு மாற்றினார்கள். மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் பழைய இடத்துக்கு வரலாம் என்றார்கள். அவர் ஒரு வரியும் எழுதவில்லை. அந்த மேலாளர் மாற்றலாகிப் போன பிறகுதான் தன் மேஜைக்குத் திரும்பினார்.

போன மாதம் எங்கள் நிறுவனம் புதிய பதிப்பு ஒன்றைக் கொண்டுவந்தது. ஒரே சீராக இருக்க வேண்டுமாம். இனி எல்லா அலுவலகங்களும் ஐரோப்பிய முறையில்தான் எண்களை எழுத வேண்டுமாம். ஒவ்வொரு அலுவலகத்திலும் ஒருவர் ஒப்புதல் கையெழுத்திட வேண்டும். இப்போது குழுத் தலைவனாக இருக்கும் நானும் இட வேண்டும். அதே வாரம் அக்காவிடமிருந்து போன் வந்தது.

"தாள் வந்திருக்கு அண்ணே. நான் போடலை. நீங்க?"

என் மேஜைமேலும் அதே தாள் இருந்தது. எங்கள் ஊர்க்காரர்கள் எழுதும் எண்ணைப் படிக்க முதலில் மென்பொருள் கற்றுக்கொள்ளட்டும் என்று அதன் ஓரத்தில் எழுதி, திருப்பி அனுப்பும் தட்டில் அப்போதுதான் வைத்திருந்தேன்.

"நானும் போடலை" என்றேன்.

"சரி, தோணி நிக்குது. வைக்கேன்" என்று அவர் வேலையைப் பார்க்கப் போனார்.