வண்டிக்குள் ஒரு அக்கினி மூலை

போன வருஷம் ஆனி மாதம், பீர்க்கன்கரணை ஏரிக்கரைப் பக்கம் இருக்கிற எங்கள் வீட்டு வாசலில் ஒரு பழைய வேன் வந்து நின்றது. கேளம்பாக்கம் பக்கத்து ஆபீஸ்களுக்கு ஆட்களை ஏற்றிப்போன வண்டி அது. என் மகள் வாங்கி, சீட்டையெல்லாம் கழற்றிவிட்டு, தானே ஓட்டிக்கொண்டு வந்திருந்தாள். "இதுக்குள்ள ஒரு சமையல்கட்டு போடப் போறேன்மா. அடுப்பு, சிங்க் ரெண்டும் எப்படி வேணும்னு நீதான் சொல்லணும்" என்றாள்.

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். இதை நான் சொல்லச் சொல்ல மகள்தான் எழுதுகிறாள். அவளாக ஒரு வார்த்தை சேர்த்தால் விடமாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தேன். ஆனால் சமையல்கட்டு விஷயத்தில் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். இந்தத் தெருவில் பாதி வீட்டுக்காரர்கள் அடுப்பு மேடை போடும்போது என்னைக் கூப்பிட்டுக் கேட்டுத்தான் போட்டார்கள்.

வண்டி எதற்கு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் கவர்மென்ட் பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவர். வண்டி வருவதற்கு முந்தின வருஷம் அவருக்குத் தொண்டையில் ஆபரேஷன் நடந்தது. குரல் போய்விட்டது. எல்லாம் கைஜாடைதான். சாப்பாடு என்றால் வடிகட்டின கஞ்சி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம், அப்போது காய்ச்சி இளஞ்சூட்டில் கொடுத்தாக வேண்டும். பிளாஸ்க்கில் ஊற்றி வைத்தால் கட்டிப்பட்டுவிடும். ஒரு சின்னக் கட்டி தொண்டையில் நின்றால் போதும், இருமி இருமி மூச்சு முட்டிப்போவார். அதனால் ஆஸ்பத்திரியைத் தவிர அவர் எங்கேயும் போவதில்லை.

அவருக்குத் திருநெல்வேலிப் பக்கத்தில் ஒரு அக்கா. தாய் இல்லாத இவரை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். அந்த அக்கா படுத்த படுக்கையாகிவிட்டார் என்று தகவல் வந்தது. ரயிலிலும் பஸ்ஸிலும் கஞ்சி காய்ச்ச முடியுமா? அதற்காகத்தான் வேன்.

அடுப்பு வாங்கத் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போனோம். நான் கஞ்சி காய்ச்சும் குண்டானை ஒயர் கூடையில் போட்டு எடுத்துப் போயிருந்தேன். கடைக்காரர் மூன்று பர்னர் வைத்த கண்ணாடி அடுப்பை எடுத்து வைத்தார். பளபளவென்று அழகாகத்தான் இருந்தது.

"எடுத்துக்கோ ஆயா, இதான் இப்ப ஓடிக்கினு கீது" என்றார்.

"ஆயா கீயான்னா கூடையோட திரும்பிப் போயிடுவேன். இது வண்டியில வைக்கிற அடுப்பு. பள்ளத்துல எறங்கி ஏறினா கண்ணாடி தாங்குமா?"

"வண்டியிலயா? டிபன் கடை போடப் போறீங்களாம்மா?"

"இல்லப்பா. வூட்டுக்காரருக்குக் கஞ்சி காய்ச்ச."

கஞ்சிக்காக யாராவது வண்டி வாங்குவார்களா என்று அவர் என் மகளைப் பார்த்தார். மகள் சிரித்துக்கொண்டு நின்றாள். கடைசியில் இரண்டு பர்னர் வைத்த ஸ்டீல் அடுப்பை எடுத்தோம். பாத்திரம் நகராமல் இருக்க அதைச் சுற்றிக் கம்பி கட்டிக்கொள்வதாகப் பேச்சு. அடுத்தது சிங்க். ஒவ்வொரு தொட்டியிலும் என் குண்டானை இறக்கிப் பார்த்தேன். ஒன்றில் குண்டானே இறங்கவில்லை. இன்னொன்றில் இறங்கியது, கையை விட்டுத் தேய்க்க இடமில்லை. கடையில் வேலை செய்கிற பெண்கள் வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். நான் கவலைப்படவில்லை. ஐந்தாவதாகப் பார்த்த தொட்டி, அகலம் கம்மி, ஆழம் ஜாஸ்தி, சரியாகப் பொருந்தியது.

அங்கிருந்து கூடுவாஞ்சேரியில் ஒரு பட்டறைக்குப் போனோம். மகள் முன்னாடியே கொண்டுவந்து விட்ட வேன் ஷெட்டுக்குள் நின்றுகொண்டிருந்தது. பட்டறைக்காரர் நல்ல மாதிரி. "எங்க வெக்கணும்னு கைய காட்டுங்கம்மா, வெச்சுத் தரேன்" என்றார்.

நான் வெளியில் வந்து சூரியனைப் பார்த்துக்கொண்டு மறுபடி உள்ளே போனேன். வண்டியின் மூக்கு வடக்குப் பார்த்து இருந்தது. அப்படியென்றால் வலது கைப்பக்கச் சுவர் கிழக்கு. பின்பக்க வலது மூலை தென்கிழக்கு, அதாவது அக்கினி மூலை. அடுப்பை அங்கே வைக்கச் சொன்னேன். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வடகிழக்கு, அதாவது ஈசானி மூலை, தண்ணீருக்கு உண்டான இடம். சிங்க்கை அங்கே வைக்கச் சொன்னேன். நின்று சமைத்தால் முகம் நேராகக் கிழக்கே. வீட்டில்கூட இவ்வளவு பொருத்தமாக அமையவில்லை.

மகள் வாயைத் திறந்தாள். "அம்மா, வண்டி..."

"நீ சும்மா இரு. திசையெல்லாம் எனக்குத் தெரியும்."

பட்டறைக்காரர் தாடையைச் சொறிந்துகொண்டு என்னையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

ஒரு வாரத்தில் வேலை முடிந்தது. சின்ன சிலிண்டருக்குத் தனிப் பெட்டி செய்து, கேஸ் கசிந்தால் கீழே இறங்கிப் போகத் தரையில் ஓட்டை போட்டிருந்தார்கள். சிங்க்குக்குக் கீழே நல்ல தண்ணீருக்கு ஒரு கேன், அழுக்குத் தண்ணீருக்கு ஒரு கேன். குழாயைத் திருகினேன், தண்ணீர் வரவில்லை. திருகுவதற்கே அதில் ஒன்றும் இல்லையாம். காலால் பம்பை மிதித்தால்தான் வருமாம். தையல் மிஷின் மாதிரி மிதித்துப் பார்த்தேன், முகத்தில் அடித்தது.

மறுநாள் காலையில் பால் காய்ச்ச வண்டியில் ஏறினேன். எங்கள் வாசலில்தான் நின்றது. சூடம் காட்டிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தேன். பால் பொங்குவதற்குள் முதுகு சுட்டது. திரும்பிப் பார்த்தால் சூரியன் கதவு வழியாக நேராக என் முதுகில்! எனக்கு ஒன்றும் புரியவில்லை. பட்டறையில் கிழக்கு எனக்கு முன்னால் இருந்தது. இங்கே எப்படிப் பின்னால் போனது?

இறங்கி வண்டியை ஒரு சுற்று சுற்றினேன். மகள் அதைத் தெற்குப் பார்க்க நிறுத்தியிருந்தாள். அக்கினி மூலை வடமேற்கு வாயு மூலையாகியிருந்தது. ஈசானி மூலையில் இருந்த தண்ணீர் தென்மேற்குக் கன்னி மூலைக்குப் போய்விட்டது. நான் மேற்கே பார்த்துப் பால் காய்ச்சிக்கொண்டிருக்கிறேன்.

"இதைத்தானேம்மா அன்னிக்கே சொல்ல வந்தேன். வண்டின்னா திரும்பத்தான் செய்யும்" என்றாள் மகள்.

"அப்ப வடக்க பாத்தே நிறுத்து."

"நிறுத்தறேன். ஆனா திருநெல்வேலி எந்தப் பக்கம் இருக்கு?"

தெற்கே. போகிற வழி முழுக்கத் தெற்கே. வரும்போதுதான் எல்லாம் சரியாக இருக்கும். உடம்பு சரியில்லாத மனுஷனை, எல்லாம் தலைகீழாக இருக்கிற சமையல்கட்டோடு, தெற்கு நோக்கிக் கூட்டிப்போவதா? அவருக்கு ஒன்று ஆகிவிட்டால்? இதை வாய்விட்டுச் சொல்லக்கூடப் பயமாக இருந்தது. அடுப்பையும் சிங்க்கையும் எதிர்ப்பக்கம் மாற்றச் சொல்லிப் பட்டறைக்குப் போன் போடச் சொன்னேன்.

"எல்லாத்தையும் பிரிக்கணுமேம்மா. அந்தப் பக்கம் கதவு வேற கீது. பத்து நாளாவது ஆவும்" என்றார் பட்டறைக்காரர். அப்புறம் மெதுவாக, "வரும்போது வடக்க பாத்து வருவீங்களே, அப்ப மறுபடி என்கிட்ட வருவீங்களா?" என்று கேட்டார். கிண்டலா நிஜமா என்று இன்றுவரை தெரியாது.

பத்து நாள் என்றால் ஆடி பிறந்துவிடும். ஆடியில் நாங்கள் புதிதாக எதையும் தொடங்க மாட்டோம். ஆவணியில்தான் கிளம்ப முடியும். மாற்றச் சொல்வதா, இப்படியே போவதா? அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. சாயங்காலம் என் வீட்டுக்காரரின் அக்கா மகள் போன் செய்தாள். "அத்தை, அம்மா மாமாவையே கேட்டுட்டு இருக்கா. கொஞ்சம் சீக்கிரம் வாங்க" என்றாள். போன் ஸ்பீக்கரில் இருந்தது. அவர் கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போய் வண்டிக்குள் உட்கார்ந்துவிட்டார். ராத்திரிக் கஞ்சியை அங்கேயே கொண்டுவந்து கொடுக்க வேண்டியதாயிற்று.

விடிந்ததும் கிளம்பினோம். ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். ஓடுகிற வண்டி எப்படி வேண்டுமானாலும் ஓடட்டும், அடுப்பு பற்றவைக்கும்போது வடக்குப் பார்த்து நிற்க வேண்டும். மகள் சரி என்றாள்.

திண்டிவனம் தாண்டி ஒரு பெட்ரோல் பங்க் பக்கத்தில் வெட்டவெளியாக இடம் கிடைத்தது. வண்டியை வடக்கே திருப்பி நிறுத்தினாள். கதவு மேற்குப் பக்கம் வந்தது. ஆனி மாதத்து மேல்காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அடுப்பைப் பற்றவைத்தேன், அணைந்தது. மறுபடி பற்றவைத்தேன், மறுபடி அணைந்தது. தட்டை வைத்து மறைத்தேன். மகள் துப்பட்டாவை விரித்துப் பிடித்தாள், அது தீயில் படப் பார்த்தது. கதவை மூடலாம் என்றால், கேஸ் எரியும்போது மூடவே கூடாது என்று பட்டறைக்காரர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

"அம்மா, திருப்பிடட்டுமா?"

"வேணாம். இரு, இப்ப பத்திக்கும்."

பற்றவில்லை. கஞ்சி வேளை தாண்டிக்கொண்டே போனது. அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. பசி வந்தால் அப்படித்தான் நடுங்கும், அப்புறம் தலை சுற்றும். லைட்டரை அமுக்கி அமுக்கி எனக்கு விரல் வலித்தது. அடுப்பு நான் சொன்ன மூலையில்தான் இருக்கிறது, நான் கிழக்கேதான் பார்க்கிறேன், அப்புறம் ஏன் இப்படி என்று மனசு குழம்பியது. திருப்பினால் அவருக்குக் கெடுதல் வருமோ என்று பயம். திருப்பாவிட்டால் கண்ணெதிரே மயங்கி விழுவார்.

அப்போது அவர் எழுந்தார். வண்டியைப் பிடித்துக்கொண்டே இறங்கி முன்பக்கம் நடந்தார். டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து மகளிடம் கையை நீட்டினார். சாவி கேட்கிறார். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் ஸ்டியரிங்கைத் தொட்டதே இல்லை.

"அப்பா, வேணாம்பா. கை நடுங்குதுப்பா" என்று அவள் அழுகிற மாதிரி சொன்னாள். அவர் நீட்டிய கையை மடக்கவில்லை. அவள் என்னைப் பார்த்தாள்.

எனக்கு என்ன தோன்றியது என்று சொல்லத் தெரியவில்லை. "குடுடி" என்றேன். அவ்வளவுதான்.

சிலிண்டரை மூடிவிட்டு அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வண்டி ஒரு குலுக்கல் இல்லாமல் நகர்ந்தது. பின்னால் ஒருமுறை, முன்னால் ஒருமுறை. குண்டானில் இருந்த தண்ணீர் தளும்பக்கூட இல்லை. மூக்கை நேராகத் தெற்கே வைத்து நிறுத்தினார். சட்டென்று காற்று ஓய்ந்த மாதிரி ஆகிவிட்டது. கதவு இப்போது கிழக்கே, காற்று வண்டியின் மறுபக்கத்தில் போய் மோதிக்கொண்டிருந்தது. சிலிண்டரைத் திறந்து பற்றவைத்தேன். ஒரே தரத்தில் நீலமாகப் பிடித்தது.

வாழ்க்கையில் முதல்முறையாக மேற்கே பார்த்துக் கஞ்சி காய்ச்சினேன். வடிகட்டி ஆற்றிக் கொடுத்தேன். டிரைவர் சீட்டில் உட்கார்ந்தபடியே சொட்டு விடாமல் குடித்துவிட்டு, டம்ளரை என்னிடம் நீட்டி, ரோட்டைக் காட்டினார். போகலாம் என்று அர்த்தம். மகளிடம் சாவியைக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு இடத்திலும் கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக் காற்றைப் பார்த்துவிட்டு, எப்படி நிறுத்த வேண்டும் என்று விரலால் காட்டுவார். நான் திசை கேட்கவில்லை.

மறுநாள் அவர் அக்கா வீட்டில் நுழைந்தபோது அந்த அம்மாவுக்குப் பார்வை மங்கலாக இருந்தது. "எய்யா, வந்துட்டியா? ஏன் பேச மாட்டேங்க?" என்று கேட்டார். இவர் அக்காவின் கையை எடுத்துத் தன் தொண்டைத் தழும்பில் வைத்துக்கொண்டார். அந்த அம்மா அதை வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "இவனுக்கு என்னத்தக் குடுக்க?" என்றார். வண்டியிலிருந்து காய்ச்சி எடுத்து வந்தேன். அந்த அம்மாவுக்கும் அது தோதாக இறங்கியது. இரண்டு பேரும் ஒரே குண்டான் கஞ்சியைக் குடித்தார்கள்.

திரும்பி வரும்போது வழி முழுக்க வடக்கே. நான் சொன்னபடியே அக்கினி அக்கினி மூலையில், தண்ணீர் ஈசானியில். நிறுத்தினால் கதவு நேராகக் காற்றுக்குள்! ஒவ்வொரு தரமும் தெற்கே திருப்பித்தான் காய்ச்ச வேண்டியிருந்தது. மகள் சிரித்தாள், அவரும் சத்தம் வராமல் தோள் குலுங்கச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, யோசனைதான் வந்தது.

ஆடி முடிவதற்குள் அவர் அக்கா போய்ச் சேர்ந்துவிட்டார்.

வீட்டில் என் அடுப்பு அக்கினி மூலையில்தான் இருக்கிறது, இருக்கும். அது தப்பு என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போவேன். ஆனால் அந்த வண்டியில் நான் செய்தது சரியா தப்பா என்று இன்னமும் தெளியவில்லை. அன்றைக்குப் பட்டறைக்காரர் பத்து நாள் என்று சொல்லாமல் நாளைக்கே மாற்றித் தருகிறேன் என்றிருந்தால் மாற்றியிருப்பேன், அதுவும் நன்றாகவே இருந்திருக்குமோ என்னவோ. காலையில் கஞ்சிக்குத் தண்ணீர் வைக்கும்போதெல்லாம் சாவிக்காக நீண்ட அந்தக் கை ஞாபகத்துக்கு வருகிறது. நான் ஆவணிவரை பிடிவாதமாக இருந்திருந்தால் அந்தக் கை அவர் அக்காவின் கையைப் பிடித்திருக்காது என்று நினைக்கும்போது, கிழக்கே பார்த்து நிற்கிற எனக்குக் கொஞ்சநேரம் எந்தத் திசையும் தெரிவதில்லை.